குழந்தை இருக்கிற வீட்டின் குப்பைக்கூடை

முதலில் ஒரு அழுக்கு வேலை. குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து, மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அன்றைய குப்பைக்கூடையை அதில் கவிழ்த்துக் கொட்டுங்கள். ஒரு குச்சியால் கிளறி, என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் குப்பை போதும். வாரம் முழுக்க எண்ணுவதற்கு எந்த வீட்டிலும் யாருக்கும் பொறுமை இருக்காது.

மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஏழு மாதம் என்றிருந்தபோது நான் இதைச் செய்தேன். டயப்பர் ஐந்து. வெட் வைப்ஸ் ஒன்பது. பால் கவர் மூன்று. பிஸ்கட் உறை இரண்டு, சிப்ஸ் உறை ஒன்று. ஸ்ட்ராவோடு நசுங்கிய ஜூஸ் டப்பா. சக்கரம் கழன்ற கார். பாதி கடித்த வாழைப்பழம், காய்த்தோல், அத்தை ஆய்ந்து போட்ட கீரைத்தண்டு. பெரியவர்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டில் கூடையை நிரப்புவது அந்த இரண்டு பொடிசுகள்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் கூடையில் வேறு கணக்கு வரலாம். எண்ணிக்கையில் முதல் மூன்று இடத்தில் இருப்பது எதுவோ அதைப் பிடியுங்கள். மூங்கில் பிரஷ் வாங்குவதில் தொடங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரஷ் மூன்று மாதத்துக்கு ஒன்று குப்பைக்குப் போகிறது. டயப்பர் ஒரு நாளைக்கு ஐந்து போகிறது. கண் என்னவோ பிரஷ்ஷின் மேலேயே இருக்கிறது.

எழுதிய பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, “யார் செய்வது?” என்று தலைப்பு எழுதுங்கள். துணி லங்கோடு நல்லதுதான், துவைப்பது யார்? சத்துமாவு வீட்டிலேயே அரைக்கலாம். வறுப்பது யார், மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது யார்? ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற தாயின் தலையில், சுற்றுச்சூழலின் பெயரைச் சொல்லி இன்னும் இரண்டு மணி நேர வேலையை ஏற்றினால் அது பதினைந்து நாள் ஓடும். பதினாறாம் நாள் டயப்பர் மொத்தப் பெட்டியாக ஆர்டர் ஆகும், கூடவே குற்ற உணர்ச்சியும் வந்து இறங்கும். கீழே வருகிற எந்த யோசனையை எடுத்துக்கொண்டாலும் அதற்கு நேரே ஓர் ஆள் பெயரை எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பகலில் துணி, ராத்திரிக்கு ஒரு டயப்பர்

ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் இரண்டரை வருடத்தில் ஏறக்குறைய 4,500 டயப்பர். ஒன்று 10 ரூபாய் என்று போட்டாலும் 45,000 ரூபாய். பணத்தை விடுங்கள். டயப்பருக்கு உள்ளே மரக்கூழும், ஈரத்தை இழுத்து ஜெல்லியாகிற சோடியம் பாலிஅக்ரிலேட்டும் இருக்கின்றன. வெளியே பிளாஸ்டிக் தாள். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே மலமும் மூத்திரமும் சேர்ந்த பொருளை யார் பிரித்தெடுப்பார்கள்? சென்னைக் குப்பை பல வருடங்களாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்றுதான் வளர்ந்தது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, பூநாரைகள் வந்திறங்குகிற அதே பள்ளிக்கரணைதான்.

அதற்காகத் துணிதான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. இரண்டரை வருடத்துக்கு டயப்பரின் கணக்கு சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடு. துணியின் கணக்கு சுமார் 570 கிலோ. துணி ஜெயிக்கவில்லை. வெந்நீரில் துவைப்பதும் மின்சார உலர்த்தியில் காயவைப்பதும் துணியின் கணக்கை ஏற்றிவிட்டன. மிஷினை நிரப்பித் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கட்டினால் நூற்றுக்கு நாற்பது அளவுக்குக் குறையும் என்று அதே ஆய்வு சொல்கிறது. அவர்கள் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியதை நம் ஊரில் பங்குனி வெயில் இரண்டு மணி நேரத்தில் சும்மா செய்து கொடுத்துவிடுகிறது.

துணிக்குக் கடைக்குப் போக வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட நாலு முழ வேட்டி ஒன்றில், கைக்குழந்தைக்கான அளவில் ஆறு சதுரம் தேறும். கரையை வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அது உரசித் தொடையிடுக்கு சிவக்கும். ஐந்து வேட்டி இருந்தால் முப்பது லங்கோடு, ஒரு நாளுக்குத் தாராளம். தவழ ஆரம்பித்ததும் முக்கோணமாக மடித்துக் கட்டுவது நிற்காது. அப்போது பட்டன் வைத்த துணி டயப்பர் பத்துப் பன்னிரண்டு வாங்கிக்கொள்ளலாம். விலை அதிகம்தான். முன்பு வாங்கியவர் யாராவது இருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

குளியலறையில் மூடி போட்ட இரண்டு வாளிகள். ஈரத்துணி ஒன்றில், ஆய் போன துணி இன்னொன்றில். ஆய்த்துணியை வாளியில் போடுவதற்கு முன் கழிப்பறைக் கோப்பையில் உதறி, ஹேண்ட் ஷவரால் பீய்ச்சிவிட வேண்டும். இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. காலையில் இரண்டையும் ஒரு முறை அலசி, மற்ற துணிகளோடு சேர்த்தே மிஷினில் போடலாம். தனி மிஷின் ஓட்ட வேண்டியதில்லை. கிருமிநாசினி ஊற்ற வேண்டியதில்லை, நல்ல வெயில் இருந்தால் போதும். ஃபேப்ரிக் கண்டிஷனர் மட்டும் கூடவே கூடாது. துணியின் மேல் வழுவழுப்பாகப் படிந்துகொண்டு ஈரத்தை உறிஞ்சவிடாது. மூன்று வாரம் அதை ஊற்றிவிட்டு, “துணி தாங்கவே மாட்டேங்குது” என்று நான் புலம்பியது வேறு கதை.

எங்கள் வீட்டில் இந்த வாளிகளுக்கு நேரே எழுதிய பெயர் கணவருடையது. காலை ஆறரைக்கு அலசல், ஏழரைக்குக் கொடி. முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தார். மூன்றாம் வாரம் எந்தத் துணி சீக்கிரம் காயும், எதை வெயில் விழுகிற ஓரத்தில் போட வேண்டும் என்று எனக்கே வகுப்பெடுத்தார்.

ராத்திரிக்கு ஒரு டயப்பர் கட்டிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது, காய்ச்சலின்போது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் துணி மூன்று நாளாகியும் காயாமல் வாடை அடிக்கும்போது, வஞ்சனையில்லாமல் டயப்பரே கட்டுங்கள். ஐந்தாக இருந்தது ஒன்றானால் 4,500 என்ற கணக்கு 900 ஆகிவிடுகிறது. மீதி 900-ஐயும் ஒழிக்கிறேன் என்று கிளம்பினால் துணியையும் சேர்த்துக் கைவிட வேண்டி வரும்.

துணி கட்டுவதில் இன்னொரு லாபம் உண்டு. என் அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே குழந்தையைக் குந்த வைத்து, “உஸ்ஸ்ஸ்” என்பார். பால் குடித்துப் பத்து நிமிடம், தூங்கி எழுந்தவுடன் என்று அவருக்கு நேரம் தெரியும். பத்துக்கு ஆறு தடவை காரியம் ஆகிவிடும். டயப்பர் கட்டிய பிள்ளையைப் பார்த்து அவர் சொன்னது: “நனைஞ்சதே அவனுக்குத் தெரியலையேம்மா, அப்புறம் எப்படிச் சொல்லுவான்?”

கட்டிய டயப்பரைக் கழற்றிப் போடுவதற்கும் முறை இருக்கிறது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, இறுகச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, காய்த்தோலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். உறையிலோ தகுந்த தாளிலோ சுற்றித்தான் தர வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதியிருக்கிறது. சுற்றாமல் போட்டால் அதைத் தூய்மைப் பணியாளர் ஒருவர் கையால் பிரிக்க வேண்டியிருக்கும். குப்பை வண்டி வராத ஊர்களில் எரிப்பார்கள். பிளாஸ்டிக்கை எரிக்கிற புகையை முதலில் சுவாசிப்பது அதே வீட்டுக் குழந்தைதான். கழிப்பறைக்குள் போட்டு ஃப்ளஷ் செய்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் அடுக்ககத்தின் பிளம்பரிடம் கேளுங்கள்.

வெட் வைப்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், பார்க்கத்தான் துணி. பழைய பனியனைக் கையகலத் துண்டுகளாக வெட்டி ஒரு டப்பாவில் போட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் நேரத்தில் வைப்ஸ் தேவைப்படவே படாது. ஒரு பாக்கெட்டைப் பயணப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் வரும்.

பால், கஞ்சி, பிஸ்கட்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டப்பா, ஸ்பூன், பேக்கிங் எதுவும் வேண்டாத உணவு அது. நம் நாட்டில் 1992-இன் சட்டப்படி பால்மாவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடக் கூடாது. ஆனால் பால் போதாமல் மருத்துவர் பால்மாவு எழுதிக்கொடுத்த தாயிடம் போய் டப்பாக் குப்பையைப் பற்றிப் பேசுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். புட்டிக்குப் பதில் பாலாடை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வெள்ளியோ எவர்சில்வரோ, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தில் நிப்பிள் இல்லை, பிரஷ் விட்டுக் கழுவ முடியாத மூலை இல்லை, வெந்நீரில் போட்டெடுத்தால் தீர்ந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே இதில்தான் புகட்டுகிறார்கள். எங்கள் வீட்டுப் பாலாடையில் என் கணவரும் குடித்திருக்கிறார்.

கஞ்சி தொடங்கும்போது பாக்கெட் உணவு தேவைப்படுவதில்லை. கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சினால் முதல் கஞ்சி தயார். அடுத்த கட்டத்துக்கு என் வழி இது: பெரியவர்களுக்குச் சாதம் வைக்கிற அதே குக்கரில், அரிசிக்கு மேலே ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் ஒரு பிடி அரிசி, ஒரு ஸ்பூன் பாசிப்பருப்பு, ஒரு துண்டு காரட், மூன்று மடங்கு தண்ணீர். நாலு விசில். தனி அடுப்பு இல்லை, தனிப் பாத்திரம் இல்லை, தனி நேரமும் இல்லை. மசித்து ஒரு சொட்டு நெய் விட்டால் குழந்தைச் சாப்பாடு. இந்த அத்தியாயத்தில் கூடுதல் ஆள் பெயர் தேவைப்படாத யோசனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பிரச்சினை பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் தொடங்குகிறது. எந்த உறை மோசம், எது பரவாயில்லை என்று அறிய முக்கோணக் குறியெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் சேர்வதையெல்லாம் ஒரு பையில் போட்டுப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோங்கள். நான் போனபோது கடைக்காரர் பையைத் தரையில் கொட்டினார். அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கி ஒரு பக்கம் தள்ளினார். கழுவிக் காயவைத்த பால் கவர் கட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார். சக்கரம் கழன்ற காரையும் போட்டுக்கொண்டார். உள்ளே வெள்ளி போல் மினுக்குகிற சிப்ஸ் உறைகளையும் பிஸ்கட் உறைகளையும் மட்டும் விரல் நுனியால் என் பக்கம் தள்ளிவிட்டு, “இது ஆகாதுக்கா” என்றார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய உறை அது. பிரித்து உருக்கி விற்க அவருக்கு வழியில்லை. காசு கொடுத்து எதையும் வாங்குகிற மனிதரே ஓசியில் வேண்டாம் என்கிற பொருளைத்தான் நாம் தினமும் வீட்டுக்குள் கொண்டுவருகிறோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விதி, “அண்ணா எடுத்துக்குவாரா?” என்பது. நாலு வயதுக்காரிக்கு இது விளையாட்டாகிவிட்டது. கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் தூக்கிக் காட்டிக் கேட்பாள். எடுத்துக்கொள்ள மாட்டார் என்றால் வாங்கவே மாட்டோம் என்றில்லை, வாரத்தில் ஒரு நாள் உண்டு. மற்ற நாள்களுக்குப் பொரி, அவல், முறுக்கு, எள்ளுருண்டை. மளிகைக் கடையில் டப்பாவை நீட்டி, “டப்பா எடையைக் கழிச்சுட்டுப் போடுங்கண்ணே” என்று முதல் தடவை சொல்லக் கூச்சமாக இருக்கும். மூன்றாம் தடவை அவரே டப்பாவைக் கேட்பார். முழு நிலக்கடலை மட்டும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், புரையேறினால் ஆபத்து, பொடித்துக் கொடுங்கள்.

பால் கவரைப் பற்றி ஒரு சின்ன விஷயம். முனையை முழுதாகக் கத்தரித்துப் போடாதீர்கள். அந்த நகத்தளவுத் துண்டை யாராலும் பொறுக்கியெடுக்க முடியாது. கழுநீரோடு சாக்கடைக்குப் போகும். முக்கால்வாசி வெட்டி, துண்டு கவரிலேயே தொங்குமாறு விடுங்கள். தினம் மூன்று கவர் வாங்குகிற வீட்டில் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் மிச்சம்.

டிபன் பாக்ஸுக்கும் தண்ணீருக்கும் எவர்சில்வர். கார்ட்டூன் படம் போட்ட பிளாஸ்டிக் டப்பா கேட்டு அழுவார்கள், உண்மைதான். நான் மகளைப் பாத்திரக் கடைக்கு அழைத்துப் போய் அவள் பெயரை டப்பாவில் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் ஊசி மெஷினை டர்ர்ர் என்று ஓட்டிப் புள்ளி புள்ளியாக எழுத்தைப் பதிக்க, அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் ஒரு பட்டாம்பூச்சியும் போட்டுக் கொடுத்தார். கார்ட்டூன் டப்பா பிறகு பேச்சில் வரவில்லை. ஊரிலிருந்து வந்த என் பாட்டியின் தூக்குவாளியில் இன்னும் பாட்டியின் பெயர் அப்படியே இருக்கிறது, வருடத்தோடு.

தோலும் இலையும்

மக்கும் குப்பையைப் பற்றித் தனி அத்தியாயம் வருகிறது. இங்கே குழந்தைக்கு என்ன பங்கு என்பதை மட்டும் சொல்கிறேன். துளையிட்ட மண்தொட்டியில் ஒரு கை காய்த்தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு. சருகு போடுவது பிள்ளையின் வேலை. தெருவில் சருகு பொறுக்குவதும் அவள்தான். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் சருகு போடச் சொல்லுங்கள். வெள்ளைப் புழு நெளிந்தால் நீங்கள் அலறாதீர்கள், அவள் அலற மாட்டாள். தொட்டிக்கு ஏற்பட்ட குறை அல்ல அது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும்.

பிறந்தநாள்

வருடத்தில் ஒரே நாளில் ஒரு மாதக் குப்பையைப் போடுகிற நாள் இது. சட்டமே நம் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் தட்டு, ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் தடை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்தே 14 பொருள்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் இருக்கிற இரண்டை நாம் நல்ல பொருள் என்று நம்பி வாங்குகிறோம்: பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை, ரிட்டர்ன் கிஃப்ட் போட்டுக் கொடுக்கிற, துணி மாதிரியே தெரிகிற வண்ணப் பை. அது துணியே இல்லை, பாலிபுரொப்பிலீன். ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள், உருகிச் சொட்டும். பருத்தி என்றால் சாம்பலாகும்.

எங்கள் தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு “பிறந்தநாள் பெட்டி” வைத்திருக்கிறோம். நாற்பது எவர்சில்வர் டம்ளர், நாற்பது கிண்ணம், பழைய புடவைகளில் தைத்த தோரணம், வண்ணக் காகித மாலை. யார் வீட்டில் விசேஷமோ பெட்டி அங்கே போகும். கழுவித் திருப்பித் தருவது அந்த வீட்டு அப்பாவின் பொறுப்பு என்று எழுதப்படாத சட்டம். சாப்பாட்டுக்கு வாழையிலையோ பாக்குமட்டைத் தட்டோ. ரிட்டர்ன் கிஃப்ட்டில் நான் கொஞ்சம் கறார். விதை பென்சில், விதைப்பந்து எல்லாம் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அதை யாரும் நட்டு நான் பார்த்ததில்லை. வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கதைப்புத்தகம், அல்லது ஒன்றுமே வேண்டாம். கொடுக்காவிட்டால் பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்கள்தான் நினைத்துக்கொள்வார்கள்.

பொம்மை

வாங்கினால் மரம் வாங்குங்கள். அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, சன்னபட்டணத்து அரக்குச் சாயப் பொம்மை, கைக்குழந்தைக்குப் பனையோலைக் கிலுகிலுப்பை. பிளாஸ்டிக்தான் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பாட்டரி போட்டுத் தானே கத்துகிற பொம்மையைத் தவிர்த்துவிடுங்கள், அது விளையாடும், குழந்தை வேடிக்கைதான் பார்க்கும். மற்றபடி குப்பையிலேயே பொம்மை இருக்கிறது. தீக்குச்சியிலும் சைக்கிள் வால்வ் டியூபிலும் பழைய செய்தித்தாளிலும் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தே 2018-இல் பத்மஸ்ரீ வாங்கியவர் அரவிந்த் குப்தா. அவர் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

தண்ணீரும் கரண்டும்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு நான் தண்ணீரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் சுத்தம் செய்ய இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விடுங்கள், லங்கோட்டின் முதல் அலசலுக்கு அது போதும். குழந்தையை ஷவரில் நிறுத்தாமல் பேசினில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினால் அரை வாளியில் முடியும்.

குழந்தைக்காக ஏ.சி. ஓடுகிற வீடுகள் அதிகம். 2020-லிருந்து புது ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் துவங்கும். அதற்குக் கீழே குறைக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு சுமார் ஆறு சதவீதம் மாறுகிறது என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. 26-இல் வைத்து மின்விசிறியை மெல்ல ஓடவிட்டால் குழந்தைக்கும் சளி பிடிக்காது என்பது அத்தை கட்சி. பழைய விசிறியை மாற்றும்போது பி.எல்.டி.சி. விசிறி வாங்குங்கள். எழுபது எழுபத்தைந்து வாட் இழுக்கிற இடத்தில் முப்பதுக்குள் முடியும். பகல் தூக்கத்துக்குப் புடவையில் கட்டிய தூளியை மிஞ்ச எந்த மெஷினும் வரவில்லை.

கை மாறுகிற துணி

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த வேறொரு குழந்தையின் பழைய சட்டையைப் போடுகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. காரணம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, பிஞ்சுத் தோலை உறுத்தாது என்பது எனக்குப் போதும். முதல் வருடத்தில் குழந்தை மூன்று நான்கு அளவுகளைத் தாண்டிவிடும். பூஜ்யம் முதல் மூன்று மாதச் சட்டை நைந்து நான் பார்த்ததே இல்லை. குழந்தைதான் அதைவிட்டு வளர்ந்துவிடுகிறது. அந்தச் சட்டை ஐந்து குழந்தைகளைப் பார்க்கும்.

வாங்கும்போதே கை மாறப்போகிறது என்று நினைத்து வாங்குங்கள். ஆண் பெண் வித்தியாசம் இல்லாத நிறம், பருத்தி, பட்டனுக்குப் பதில் முடிச்சு. பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தால் கீழே மூன்று டக் வைக்கச் சொல்லுங்கள். வருடம் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால் ஆறு வயதுப் பாவாடை ஒன்பது வயது வரை வரும். பிரித்த இடத்தில் கோடு தெரியும். அதைப் பார்த்து, “இது போன தீபாவளிக் கோடு” என்று என் மகள் எண்ணுகிறாள்.

கொடுப்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். “அடுத்தது பிறந்தால்”, “தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனால்” என்று மூட்டை கட்டிப் பரணில் போடுகிறோம். ஐந்து வருடம் கழித்து இறக்கினால் எலாஸ்டிக் இற்று, மடிப்பில் மஞ்சள் படிந்திருக்கிறது. அப்புறம் அது பாத்திரக்காரருக்குக்கூட ஆகாது. கொடுக்கும்போது துவைத்து, கிழிசலைத் தைத்து, மாத வாரியாகக் கட்டி, மேலே எழுதிக் கொடுங்கள். கறை பட்டதைக் கொடுக்காதீர்கள், அதை வெட்டித் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் கூச்சப்படாமல் இருக்க, அவரிடமிருந்தும் எதையாவது கேட்டு வாங்குங்கள்: தொட்டில், நடைவண்டி, கதைப்புத்தகம், எதுவானாலும். எங்கள் அடுக்ககத்தில் இப்போது ஒரே நடைவண்டி ஏழாவது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மணி போய்விட்டது, நடு உருளையை ஒரு தாத்தா மாற்றிப் போட்டார்.

உங்கள் பரணிலும் ஒரு மூட்டை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். மூன்றாவது வீட்டில் யாருக்கோ அது அடுத்த மாதம் வேண்டியிருக்கும்.